வாசல் லைட்

பிரேமினியின் வாசல் லைட்டைக் கத்தாரிலிருந்து அவள் புருஷன் திலக்ஷன்தான் போடுவான். அவள் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து லயத்து வீட்டுப் படியில் கால் வைக்கும் நேரம் அங்கே போனைத் தட்டுவான். இங்கே பல்ப் எரியும். அதற்கென்றே லீவில் வந்தபோது போனுக்குக் கட்டுப்படும் ஒரு ரிலேயைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். "வந்துட்டேங்க" என்று இவள் போனில் சொன்ன பிறகுதான் அணைப்பான்.

போன மார்கழியில் அவன் பெட்டிக்குள் வந்தான். கூடவே வந்த அவன் போனை அவள் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து வாசல் லைட் இரவும் பகலும் எரிந்தது.

நோர்வூட் டவுன் கரண்டுக் கடை இன்சாப் வந்து ரிலேயைக் கழற்றினான்.

"போன்ல தட்டினா இந்தச் சிவப்புப் புள்ளி எரியும் அக்கா, அப்பத்தான் பல்புக்குக் கரண்ட் போகும். பழுதாப் போனா பல்ப் அணையாது, எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். வேற ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லையா தம்பி?"

அவன் சுவரில் ஒரு சாதாரண சுவிட்சைப் பூட்டினான். பழைய ரிலேயை அவள் கேட்டு வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்தாள்.

மறுநாள் வேலை விட்டு மழையில் வந்து, படியேறிக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. சுவிட்சுக்கு நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு வயரும் இல்லாத ரிலேயில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டேங்க" என்றாள்.

புள்ளி அணைந்தது.

பிரேமினி கதவைச் சாத்திவிட்டு மழையில் இறங்கிப் போய், திரும்பி வந்து, படியில் கால் வைத்தாள்.