ஸ்பிரிங் பந்தயம்

மொட்டைமாடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி நின்றாள் ஷீஜா. "விடட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

கீழே முற்றத்தில் நின்ற டைட்டஸ் இரண்டு கையையும் தூக்கினார். தலைப்பேரனின் காரியமல்லவா அந்தக் கையில் தொங்குகிறது! "பொறு மக்கா, விட்டிராத!" என்று அலறினார்.

தொங்கியது ஒரு ஸ்பிரிங். அவர் மகன் ஸ்டெனி குவைத்திலிருந்து பிள்ளைக்கு அனுப்பிய விளையாட்டுச் சாமான். பிள்ளை உள்ளே தொட்டிலில் சுகமாகத் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம்.

"தலைப்பிள்ளைக்கு அப்பன்வழித் தாத்தா பேருதான். எங்க குடும்பத்தில அதான் மொற," என்பது டைட்டஸ் கட்சி. ஷீஜாவின் அப்பா ஆன்ட்ரூஸ் விடுவாரா? "எனக்கு ஆம்பளப்பிள்ள இல்ல சம்மந்தி. எம்பேரு என்னோட அத்துப் போணுமா?" என்று ஒரு மாதமாக மல்லுக்கு நின்றார்.

பிள்ளையைப் பெற்ற ஷீஜா மட்டும் வாயே திறக்கவில்லை. போன வாரம் ஏதோ பேப்பர் காரியமாகப் பேரூராட்சி ஆபீஸுக்குப் போய் வந்தவள், இவர்கள் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கும் அவள்தான் இன்று பந்தயத்துக்கு வழி சொன்னாள். தொங்கும் ஸ்பிரிங்கை விட்டால் எந்த முனை முதலில் இறங்கும்? சரியாகச் சொன்னவர் பேர் பிள்ளைக்கு.

"கீழ்முனைதான்! பாரமெல்லாம் அங்கல்லா கெடக்கு," என்றார் டைட்டஸ்.

"ரெண்டு முனையும் ஒண்ணாத்தான் எறங்கும்," என்றார் ஆன்ட்ரூஸ்.

"ரெண்டு பேரும் தோத்தா?" என்றாள் ஷீஜா.

"அப்பம் பேரு உனக்க இஷ்டம். நாங்க ஒரு வார்த்த பேச மாட்டோம், மாதா மேல சத்தியம்!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தோற்றால்தானே!

ஷீஜா விட்டாள். டைட்டஸுக்குப் பக்கத்தில் நின்ற ஆன்ட்ரூஸ் போனில் ஸ்லோமோஷனில் பிடித்தார். அவள் இறங்கி வந்ததும் மூன்று தலையும் போன்மேல் கவிழ்ந்தன.

மேல்முனை சுருண்டு சுருண்டு கீழே பாய்ந்தது. கீழ்முனையோ அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நின்றது! மேலே இருந்ததெல்லாம் வந்து இடித்த பிறகுதான் அதுவும் விழுந்தது.

"இதென்ன பேய்க்கூத்து!" என்றார் டைட்டஸ்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல மாமா. கீழ்முனையத் தாங்குதது ஸ்பிரிங்குக்க இழுப்பு. மேல கைய விட்ட சேதி சுருள் சுருளா எறங்கிக் கீழ எட்டுத வர, அந்த இழுப்பு அப்படியே இருக்கும்."

நாலு தடவை போட்டுப் பார்த்தும் கீழ்முனை அசையவில்லை. டைட்டஸுக்கு அழுகையே முட்டியது. பேரனைத் தன் பேர் சொல்லி ஊரே கூப்பிடும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார்! ஆனால் மாதா மேல் சத்தியமாயிற்றே.

"செரி மக்கா, நீ ஜெயிச்சிட்ட. ஞாயித்துக்கெழமைக்குள்ள நல்ல பேரா யோசிச்சு வையி," என்றார்.

ஷீஜா ஸ்பிரிங்கைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோசிக்க என்ன இருக்கு மாமா? போன வாரமே பேரூராட்சில 'ஜெனோ'ன்னு பதிஞ்சாச்சு!"