இரண்டாவது லீவர்

2011 மார்ச் 5, சனிக்கிழமை. ஸ்லோவேனியாவின் போஹோர்யே மலைச்சரிவில் காலைக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி.

லூத்விக் வீட்டில் பெண் கேட்டு வருபவன் முதலில் விறகுக்குத்தான் வர வேண்டும். சமையலறைக்குள் நுழைவதெல்லாம் பிறகு.

அவர் மகள் நேஷாவைக் கேட்டு டவுனிலிருந்து தாமியான் வந்து இறங்கியபோதே அவர் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

சின்ன டிராக்டர் உறுமியது. அதன் பின்புறத் தண்டு சுழன்று விறகு பிளக்கும் இயந்திரத்தை ஓட்டியது. இயந்திரத்துக்கு இரண்டு லீவர். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஆப்பு இறங்கும். எவர் கையும் ஆப்புக்கடியில் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

இடது லீவரை லூத்விக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த மலைப்பக்கம் எல்லோரும் கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒருவர் கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் ஒற்றை லீவரை அழுத்த, வேலை சட்டென்று முடியும்.

"டவுன்ல விறகு தானா பிளந்துக்குமோ? நல்லா அழுத்துப்பா, என்ன கதவைத் தட்டுற மாதிரி தட்டிக்கிட்டு," என்றார் லூத்விக்.

தாமியான் அழுத்தினான்.

கணு விழுந்த கட்டை ஒன்று சாய்ந்தது. லூத்விக் இடது கையால் அதன் தலையைப் பிடித்தார். அந்த நொடியே ஆப்பு இறங்கிவிட்டது.

கையுறையின் கடைசி இரண்டு விரல்கள் கட்டையோடு தட்டையாயின.

அவன் லீவரை விட்டான். ஆப்பு மேலேறியது. பாய்ந்து போய் டிராக்டர் சாவியைத் திருப்பி அணைத்தான்.

நேஷாவிடம் என்ன சொல்வது? உன் அப்பாவின் விரலை நான்தான்...

கிழிந்த தோலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது. எலும்பு என்று நினைத்தான். மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.

லூத்விக் கையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"புதுக் கையுறை."

கழற்றினார். உள்ளே மூன்று விரல்கள்தான் இருந்தன. மற்ற இரண்டின் இடத்தில் பழைய, வழவழப்பான தழும்பு. வெள்ளையாகத் தெரிந்தது ஆட்டு ரோமம். காலி விரல்கள் தொங்காமலிருக்க அடைத்தது.

தாமியானுக்கு மூச்சு திரும்பியது. கூடவே சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

டிராக்டர் நின்றுபோனதைக் கேட்டு நேஷாவின் அம்மா ஹெர்மீனா வாசலுக்கு வந்தாள். கையுறையைப் பார்த்தாள். மரத்தூளில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். உள்ளே போய் வேறொரு கையுறையும் ஒரு பிடி ரோமமும் கொண்டுவந்து, நின்றபடியே அடைக்கத் தொடங்கினாள்.

"எழுந்திரு மாப்ளே," என்றார் லூத்விக். "இந்த ரெண்டும் போன அன்னைக்கு லீவர்ல நின்னது இவதான். அப்போ எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகலை."

ஹெர்மீனா நிமிரவில்லை. "கையை எடுங்கன்னு கத்தினேன். இந்த மனுஷன் எங்க கேட்டாரு?"

லூத்விக் குறடு ஒன்றை எடுத்து இடது லீவரில் கட்டியிருந்த கம்பியை வெட்டினார்.

தாமியான் இரண்டு கையாலும் அழுத்த, மீதி விறகு முடிய மாலையாயிற்று. மதியத்துக்கு வைத்த சூப்பை இரண்டு முறை சூடாக்க வேண்டியிருந்தது.