கம்பி கட்டாத போல்ட்

"இந்த வண்டி ஓடக்கூடாது, மாப்பிள்ளை. ஓரமாத் தள்ளுங்க."

எங்கள் மோட்டார் சைக்கிள் ரேஸ் கிளப்பில் பரிசோதகர் வைத்ததுதான் சட்டம். அவர் பார்த்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் வண்டி டிராக்குக்குப் போகும். அன்றைக்கு எல்லா வண்டிக்கும் ஒட்டிவிட்டார், சொந்த மருமகனுடையதைத் தவிர. அதுவும் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை பிரேக் லீவர் வளைந்திருக்கிறது என்றார். அடுத்த தடவை ஹெல்மெட்டில் கீறல். இப்போது எஞ்சின் ஆயில் போல்ட்டில் கட்டவேண்டிய கம்பியைக் காணோமாம். போல்ட் கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவன் கதி அதோகதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேடித் தேடி இவனிடம் மட்டுமா குறை அகப்படும்?

மாமியார் மருமகள் சண்டை கேள்விப்பட்டிருக்கிறேன். ரூல் புத்தகத்தை வைத்துக்கொண்டு மருமகனைப் பழிவாங்கும் மாமனாரை இங்கேதான் பார்த்தேன். பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கே வயிறு எரிந்தது.

மகள்தான் பாவம். ரேஸ் வீரன் என்றுதான் அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். புருஷன் ஓட்டுவதைப் பார்க்க ஆபீஸில் பாதிப் பேரைக் கையோடு கூட்டிவந்திருந்தாள்.

"நானா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு இன்னும் எத்தனை நாள்ப்பா பழிவாங்குவீங்க? இனிமே என்கூடப் பேசாதீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகனோ கையுறையைத் தரையில் வீசிவிட்டு, இன்று மட்டும் விட்டிருந்தால் அத்தனை பேரையும் முந்தியிருப்பேன் என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். ஆபீஸ்காரர்கள் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் ஷெட்டுக்குப் போனான். அவரும் பின்னாலேயே போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கம்பிதானே, என்னிடம் ஒரு சுருளே இருக்கிறது, நானே கட்டித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அடுத்த மாசமும் நான் கம்பியைக் கழட்டிட்டு வந்தா சந்தேகம் வரும், மாமா. வேற ஏதாவது யோசிங்க. டிராக்கைப் பார்த்தாலே கை உதறுது."

"டயர் தேஞ்சிருக்குன்னு சொல்லிடறேன் விடுங்க, மாப்பிள்ளை. பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. என்மேல கோபம் நாலு நாள்ல தணிஞ்சிடும். அவ கண்ணுக்கு நீங்க வீரனாவே இருங்க."