இரண்டு கான் தண்ணீர்

"இவங்க தண்ணி திருடுறாங்க மேடம். இவங்க நிலத்தை உடனே பறிச்சுடுங்க!"

அழகப்பன் போட்ட சத்தத்தில், இல்ஃபோர்ட் கவுன்சில் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

லண்டனில் இந்தக் கோடையில் மழையே இல்லை. ஹோஸ் பைப்புக்குத் தடை. பொதுத் தொட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கான், அதாவது இரண்டு பூவாளி, தண்ணீர்தான். மீறினால் நிலம் போய்விடும். பிரசாந்தினி ஆறு வருடம் காத்திருந்து கவுன்சிலிடம் குத்தகைக்கு வாங்கிய நிலம் அது.

"பக்கத்துப் பக்கத்து நிலம். ரெண்டு பேருக்கும் நாலு நாலு ஆப்பிள் மரம். என்னுது வாடுது, இவங்களுது ஜம்முனு நிக்குது. தண்ணி திருடாம எப்படிங்க?"

பிரசாந்தினியைப் போலவே இலங்கைத் தமிழரான தோட்டச் செயலாளர் டயனா அவளைப் பார்த்தார்.

பிரசாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரல் தளரவில்லை. "மண்ணைக் கிண்டிப் பாருங்கோ அக்கா."

மரத்தடியில் தடிமனாகப் பரப்பியிருந்த மரச்சீவலை விலக்கி, டயனா கையை விட்டார். சில்லென்று ஈரம்!

அழகப்பனின் மரத்தடியோ கோலம் போடப் போகிற வாசல் மாதிரி இருந்தது. ஒரு புல், ஒரு சருகு விடாமல் மனிதர் கூட்டித் தள்ளியிருந்தார். வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"மூடி வச்சா ஈரம் நிக்கும் அக்கா. அதோட, என்ர அப்பிளை ஒட்டுக்கட்டின அடிமரம் வேற இனம். வேர் ஆழமாப் போகும். அண்ணையின்ரது குட்டை அடிமரம், வேர் மேலாலதான். என்ர மரங்களுக்குக் கிழமைக்கு ஒருக்கா ரெண்டு கான் காணும்."

கூட்டம் கைதட்டியது. பிரசாந்தினி தலை நிமிர்ந்து நின்றாள்.

அழகப்பன் விடுகிற ஆளா?

"மாட்டிக்கிட்டீங்களா! வாரம் ஒரு தடவை போதும்னா, தினமும் ரெண்டு கான் எதுக்குப் பிடிச்சீங்க? மூணு வாரம் நான் காரைக்குடி போயிருந்தப்ப, நரி வருதான்னு பார்க்க என் மரத்துல மாட்டின கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு."

ஃபோனை நீட்டினார். தொட்டியடியில் பிரசாந்தினி இரண்டு கான் நிரப்பிக்கொண்டிருந்தாள். அதோடு நிறுத்தினார்; அவரும் அதுவரைதான் பார்த்திருந்தார்.

"ஏன் நிப்பாட்டுறீங்கள்? முழுக்க ஓட விடுங்கோ," என்றார் டயனா.

ஓடியது.

பிரசாந்தினி தன் மரங்களைத் தாண்டி, கேமராவை நோக்கி நேராக நடந்து வந்தாள். அழகப்பனின் மரத்தடியில் குனிந்து, மெதுவாக ஊற்றினாள்.

மறுநாள் பதிவிலும் அதே. அதற்கு மறுநாளும் அதே. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தன் மரங்களுக்கு; மற்றப் பதினெட்டு நாளும் அழகப்பனின் மரங்களுக்கு!

அழகப்பன் மெல்ல ஃபோனைத் தாழ்த்தினார்.

"உங்கட மரம் ரெண்டு நாள் கூடத் தாங்காது அண்ணை. அதுதான் என்ர பங்கை ஊத்தினன்," என்றாள் பிரசாந்தினி.