வந்த நேரம்

டாக்டர் வலது கையைத் தூக்கச் சொன்னார்.

பெரியவர் இடது கையால் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். சொன்னதைச் செய்துவிட்டதாக ஒரு சிரிப்பு. அது முகத்தில் பாதிக்குத்தான் வந்தது.



எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். பெரியவர் வாயைத் திறந்தார், வார்த்தை குழறியது. மனைவி ராமாத்தாள்தான் சொன்னாள். காலை ஏழரைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாளி நழுவியதாம். கை மரத்துப்போயிற்று என்று கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டாளாம். சரியாகவில்லை என்றதும் பஸ் ஏறி உடுமலைக்கு வந்துவிட்டார்களாம்.

மூளையில் அடைப்பு.

கரைக்க ஊசி இருக்கிறது. நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால் கை திரும்பும், பேச்சு திரும்பும். அதாவது பன்னிரண்டு மணிக்குள். ஆனால் முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேனும் கோயம்புத்தூரில், ஊசியும் கோயம்புத்தூரில். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்.

கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

கணினியில் அவர்கள் வந்த நேரத்தைப் பார்த்தார். 10.22.

அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் வீட்டில் வைத்துக்கொண்டு என்னம்மா செய்தீர்கள் என்று கடிந்துகொண்டார். ஒரு முக்கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்றும் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ராமாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கோயம்புத்தூருக்குப் பேசினார். கடிதம் எழுதினார். வந்த நேரம் என்ற கட்டத்தில் 10.22 என்று போட்டார். முத்திரை முன் மேசையில் இருந்தது. எடுத்து வர அவரே ஓடினார்.

முன் மேசையில் வருகிறவர்களின் பெயர் பதியும் தமயந்தி சட்டென்று எழுந்து நின்றாள்.

முத்திரை கணினியின் கீபோர்டுக்கு அடியில் பாதி செருகிக் கிடந்தது. இழுத்தார். கூடவே சின்னச் சின்னச் சீட்டுகள் வந்தன. அவளுடைய குண்டு எழுத்து.

9.35. குழந்தை, காய்ச்சல்.

9.40. வெள்ளை வேட்டி, பெரியவர், கை மரத்துப்போச்சாம்.

9.48. விரல் வெட்டு.

யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் போர்டு வைத்தவர் அவர்தான். ‘ஐந்தே நிமிடத்தில் டாக்டர்’ என்று. சென்னையில் இரண்டு நாள் மேனேஜ்மென்ட் வகுப்புக்குப் போய்விட்டு வந்த சூட்டில் வைத்தது. பெயரைக் கணினியில் ஏற்றியதும் நேரம் ஓடும். ஐந்து நிமிடம் தாண்டினால் திரை சிவக்கும். சிவந்த நாட்களை மாதக் கூட்டத்தில் சுவரில் போட்டுக் காட்டினார். யாரையும் திட்டவில்லை, அவர் அந்த மாதிரி ஆளில்லை. தமயந்தியை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு நாள்கூடச் சிவக்கவில்லை.

அவளுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பெயரைச் சீட்டில் எழுதி வைத்திருப்பாள். டாக்டர் அறை காலியாகும்போதுதான் கணினியில் ஏற்றுவாள். அழுத குழந்தை போயிற்று, ரத்தம் சொட்டிய விரல் போயிற்று. மூலை நாற்காலியில் வெள்ளை வேட்டி அப்படியே இருந்திருக்கிறது.

“அவரு சத்தமே போடல சார்,” என்றாள் தமயந்தி.

திட்ட வாயெடுத்தார். யாரைத் திட்டுவது?

வெளியே பெரியவரை வண்டியில் ஏற்றிப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராமாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் போன் மணி அடித்து நின்றது. ஏதோ செய்தி. கண்ணாடி கொண்டு வரவில்லையாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்தா பாருங்கள் என்று டாக்டரிடமே நீட்டினாள்.

கோயம்புத்தூரிலிருந்து இல்லை. அவருடைய ஆஸ்பத்திரியிலிருந்துதான். தானாகப் போகும் செய்தி, அவரே உட்கார்ந்து எழுதிய வாசகம்.

பொய் சொல்லத் தோன்றியது. வாசித்தார்.

நீங்கள் மூன்று நிமிடத்தில் மருத்துவரைச் சந்தித்தீர்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

ராமாத்தாள் கொஞ்சம் யோசித்தாள்.

“மூணு நிமிசந்தானுங்களா? பயத்துல எனக்குத்தான் ரொம்ப நேரமாத் தெரிஞ்சிருக்குதுங்க.”

சொல்லிவிட்டு முந்தானையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

வேறு யாராவது இதைச் சொல்லிக் காட்டியிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம்.

கடிதத்தை வண்டியின் கதவில் வைத்து 10.22ஐ அடித்தார். பக்கத்தில் 9.40 என்று எழுதினார். அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நர்ஸிடம் கொடுத்தார். தமயந்தியின் சீட்டை ராமாத்தாள் கையில் வைத்தார்.

அவள் அதை எட்டப் பிடித்துப் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள்.

“இது வெளிய கடையில வாங்கற மருந்துங்களா?”

“இல்லைங்கம்மா. நீங்க வந்த நேரம், ஒன்பது நாப்பது. நீங்க லேட்டா வரலை.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நர்ஸ் கதவை இழுத்தாள்.

ராமாத்தாள் சீட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள்.