குருவி கேட்ட ஒரு வரி

எலியின் களஞ்சியத்தில் நெல்லைப் போட்டுவைக்கக் குருவி வந்தது.

"கூடு எந்த மரத்தில்? முட்டை எத்தனை?" என்று கேட்டு எலி ஓர் இலையில் குறித்துக்கொண்டது.

"வேப்பமரம். மூன்று முட்டை. இதை வேறு யாராவது பார்ப்பார்களா அண்ணே?"

"நம்ம கூட்டாளிகள் மட்டும்தான் தங்கச்சி. காகம் கூடு கட்டச் சுள்ளி விற்கிறது. பாம்பு கூடுகளுக்குக் காவல் இருக்கிறது."

"பாம்பா! யாருக்கும் காட்டக் கூடாது என்று அதிலேயே எழுதுங்கள்."

"இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையே."

"கேட்டால் எழுதுவீர்களா?"

"கேட்டால் எழுதித்தான் ஆகணும்" என்று எலி முனகியது.

எழுதி முடிக்கும்வரை குருவி நகரவில்லை. வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் நெல்லைக் கொடுத்தது.

முந்தின நாளே தன் கூட்டைப் பற்றி எல்லாவற்றையும் எலியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்த மைனா பின்னால் நின்றது. "அண்ணே, என் இலையையும் எடுங்கள். அக்கா எழுதச் சொன்ன அதே வரியை அதிலும் எழுதுங்கள்" என்றது.