மூன்று நாள் இருட்டு

பல் மருத்துவமனைக் கூடத்து உப்புநீர் மீன்தொட்டியில் மணல் முழுக்கச் சிவப்புப் பாசி வழவழவென்று படிந்துகிடந்தது. எத்தனை முறை உறிஞ்சி எடுத்தாலும் மறுவாரமே வந்து குந்திக்கொள்ளும். "இந்தத் தடவையும் போகலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று தொட்டியைப் பராமரிக்க வருபவளிடம் டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். தொட்டிக்காரி விளக்கை நிறுத்திவிட்டுக் கறுப்புத் துணியால் தொட்டியை மூடினாள். மூன்று நாள் இருட்டில் அந்தப் பாசி செத்துவிடும். மீன்களும் உயிருள்ள பவளங்களும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பம்பு ஓடித் தண்ணீர் அலைந்துகொண்டே இருக்க வேண்டும்.

நாலாம் நாள் காலையில் வந்து குனிந்தவள் இரண்டு பிளக்குகள் கழன்று கிடப்பதைக் கண்டாள். அன்றைக்கு விளக்கோடு பம்பின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறாள். இந்நேரம் எல்லாம் செத்துப் பிணநாற்றம் அடிக்க வேண்டுமே!

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? மீனெல்லாம் மேலோகமா?" என்றாள் சீட்டு எழுதும் பெண்.

"வாய மூடுடி" என்று துணியை உருவினாள்.

மணல் வெள்ளைவெளேரென்று கிடந்தது. பவளங்கள் அத்தனையும் விரிந்திருந்தன. எல்லாம் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தன. ஒரு மூச்சு நேரம் நின்று, ஒன்றாக வலப்பக்கம் சாய்ந்தன. மீன்களும் அந்த ஆட்டத்தோடே போய், அதோடே வந்தன.

"பம்புதான் ஓடுதேக்கா."

"ஓடலடி." பிளக்கைத் தூக்கிக் காட்டினாள்.

வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். டாக்டரும் கையுறையோடு வந்து நின்றார். அவள் பிளக்கை மாட்டப் போனாள்.

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டாள். தண்ணீர் அதை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. கொஞ்சம் பொறுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.